தருவைகுளத்து இருட்டும் மஸ்கட் ஆராய்ச்சியும்

தொலைவாழ் வீட்டுக்காரர் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். நீங்கள் பார்க்காவிட்டாலும் அவர் உங்களைப் பார்த்திருப்பார். அவர் வீட்டு மதிலை ஒட்டி நீங்கள் ஒருமுறை நடந்து போயிருந்தால் போதும். உடம்பு வளைகுடாவில் ஏசி அறையில் இருக்கும். கண் மட்டும் ஊரில், வாசல் நிலைக்கு மேலே, முட்டை அளவு கேமராவுக்குள் குடியிருக்கும். சம்பாதிப்பது அங்கே, சந்தேகப்படுவது இங்கே. முற்றத்தில் தேங்காய் விழுந்தால் அவருக்குத்தான் முதலில் தெரியும். மனைவிக்குக் காய்ச்சல் என்றால் மறுநாள் யாராவது சொல்லித் தெரியும்.

கலப்படமில்லாத மாதிரி ஒன்று வேண்டுமென்றால் கிளாட்வினை எடுத்துக்கொள்ளுங்கள். ஊர், தூத்துக்குடிக்கு வடக்கே தருவைகுளம். வேலை மஸ்கட்டில், ஒரு கப்பல் சரக்கு அலுவலகத்தில். மனைவி விஜிலா ஊரிலேயே, அவர் கட்டிய புது வீட்டில். கட்டிய என்றால், மேஸ்திரிக்கு மஸ்கட்டிலிருந்து செங்கல் செங்கலாகச் சொல்லிக் கட்டிய வீட்டில்.

ஈஸ்டர் முடிந்த கையோடு முற்றத்து பல்பு செத்துப்போனது. வேறு வீடுகளில் பல்பு செத்தால் பல்பு வாங்குவார்கள். இந்த இனத்தின் வீட்டில் பல்பு செத்தால் ஆராய்ச்சி பிறக்கும்.

கிளாட்வின் எல்.இ.டி. படிக்க உட்கார்ந்தார். லூமன் என்றால் என்ன, கெல்வின் என்றால் என்ன, வெள்ளை வெளிச்சத்துக்குப் பூச்சி அதிகம் வருமா மஞ்சள் வெளிச்சத்துக்கா, உப்புக் காற்று அடிக்கும் ஊரில் எந்தத் திருகாணி எத்தனை வருடம் துருப்பிடிக்காமல் நிற்கும், மழைக்குத் தாங்குவது வேறு, மழையில் மூழ்கினால் தாங்குவது வேறு என்றெல்லாம் மதியச் சாப்பாட்டை மறந்து படித்தார். வாங்கியவர்கள் எழுதிய விமர்சனங்களை ஒன்று விடவில்லை. அமெரிக்காவில் யாரோ ஒருவர், இந்த விளக்கைப் போட்டதிலிருந்து எங்கள் தோட்டத்துக்கு மான் வருவதே இல்லை என்று வருத்தப்பட்டு ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்திருந்தார். கிளாட்வின் உடனே அந்த விளக்கை ஒதுக்கிவிட்டார். தருவைகுளத்தில் மான் இல்லை. இருந்தாலும், ஒரு நட்சத்திரம் ஒரு நட்சத்திரம்தானே?

அவர் கேட்டது ரொம்பச் சின்ன விஷயம். விலை குறைவாக இருக்க வேண்டும், வெளிச்சம் பகல் மாதிரி இருக்க வேண்டும், கரண்டு குடிக்கக் கூடாது, திருடன் கண்ணுக்குப் படவேண்டும், திருடுகிற அளவுக்கு அழகாக இருக்கக் கூடாது. அவ்வளவுதான்.

இதற்கிடையில் முற்றம் இருண்டு கிடந்தது.

"வளவு பூரா கும்மிருட்டாக் கெடக்குங்க" என்றாள் விஜிலா. "நேத்து தண்ணி வாளியில இடிச்சு கட்டைவெரல் நகம் பேந்துட்டு."

"ஏளா, எங்க இருட்டு? நான் இப்பப் பாத்துட்டுத்தான இருக்கேன். முருங்கை இலைய எண்ணலாம் போல இருக்கு."

"அது கேமராவுக்குத் தெரியுது. எனக்குத் தெரியலையே."

"கேமராவுக்குத் தெரியுதது ஒனக்கு ஏன் தெரியல? கண்ணு டாக்டரப் பாத்தியா?"

சிரிக்காதீர்கள். அந்தக் கேமரா இருட்டிலும் பார்க்கும் சாதி. அமாவாசையையும் சாம்பல் நிறப் பகலாக்கிக் காட்டும். அதை ஆராய்ந்து வாங்கியவரும் அவர்தான். ஆனால் வாங்கியபின் அது காட்டுவதுதான் உண்மை, மற்றதெல்லாம் பேச்சு. விஜிலா தூத்துக்குடிக்கு பஸ் ஏறிப்போய்க் கண்ணைக் காட்டினாள். கண்ணில் ஒன்றுமில்லை, வெளிச்சத்தில் நடங்கள் என்று சொல்லி அனுப்பினார் டாக்டர்.

போன கையோடு லிங்கராஜ் அண்ணாச்சியின் எலெக்ட்ரிகல் கடைக்குள்ளும் நுழைந்தாள். நுழைந்தது மஸ்கட்டுக்கு எப்படித் தெரிந்ததோ, வீடியோ அழைப்பு வந்துவிட்டது. இந்த இனத்துக்கு ஒரு விதி: தன் அனுமதியில்லாமல் வீட்டுக்குள் வரும் பொருள் எதுவும் ஏமாந்து வாங்கிய பொருள்.

அண்ணாச்சி ஒரு விளக்கைப் போட்டுக் காட்டினார். திரை வெளுத்துப் போனது.

"கண்ணு கூசுது அண்ணாச்சி. வேற காட்டுங்க."

அடுத்ததைத் தூக்கிப் பிடித்தார்.

"இது மங்கலா இருக்கே."

"தம்பி, இன்னும் சுச்சே போடல."

"அதெல்லாம் வேண்டாம். அந்தா, ஒங்க முதுகுக்குப் பின்னால ஒண்ணு எரியுதே, அது நல்லாருக்கு. கூசவும் இல்ல, மங்கவும் இல்ல. அது எந்தக் கம்பெனி?"

அண்ணாச்சி திரும்பிப் பார்த்தார். "தம்பி, அது வெயிலு. கடைக்கதவு தொறந்து கெடக்கு."

விஜிலா வெறுங்கையோடு பஸ் ஏறினாள். "ஏளா, அவசரப்படாத. நான் பாத்துக்கிடுதேன்" என்றார் கிளாட்வின். இந்த இனத்தின் கீதம் இதுதான். நான் பாத்துக்கிடுதேன். பார்த்துக்கொண்டுதான் இருப்பார்.

அக்டோபர் வந்தது. தருவைகுளத்தில் அக்டோபர் என்றால் ஜெபமாலை மாதம். பக்கத்துப் பக்கத்து வீடுகள் சேர்ந்த அன்பியம் என்னும் ஜெபக்குழுவில், மாதா சுரூபம், அதாவது சிலை, ஒவ்வொரு மாலையும் ஒரு வீட்டுக்குப் போகும். முற்றத்தில் பாய் விரித்து எல்லாரும் ஜெபமாலை சொல்வார்கள். முடிந்ததும் சனம் கலைந்துவிடும்; மாதா மட்டும் அன்றைக்கு அந்த வீட்டிலேயே தங்குவாள். வாடகை வீட்டில் இருந்தவரைக்கும் விஜிலாவுக்கு அந்த முறை வந்ததில்லை. முற்றமே இல்லாத வீட்டில் சனம் எங்கே உட்காரும்? இந்த வருடம் பெயர் வந்துவிட்டது. ஆளில்லாத அந்தப் பெரிய வீட்டில் ஒரு ராத்திரி மாதா துணைக்கு இருப்பாள் என்பதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. தரையைத்தான் இரண்டு தடவை துடைத்தாள்.

அன்பியப் பொறுப்பாளர் பாஸ்கல் வந்து முற்றத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். "வெளிச்சம் இல்லன்னா வயசானவங்க விழுந்துருவாங்கம்மா. லைட்டு போட்டுருவல்லா? இல்லன்னா பக்கத்துல ஹில்டா வீட்ல வச்சுக்கிடலாம், அவ தயாராத்தான் இருக்கா."

"போட்டுருவேன் அண்ணே."

அன்று போனில் விஜிலா முதல்முறையாகக் குரல் உயர்த்தினாள். "மாதா வாராங்க. இதுக்கு மேல தள்ள முடியாது. நாளைக்கே நான் வாங்கிருவேன்."

கிளாட்வின் பயந்தார். மனைவி கோபத்துக்கு அல்ல. அவள் முழு விலைக்கு வாங்கிவிடுவாளே என்றுதான் பயந்தார். அன்று இரவே ஆராய்ச்சி முடிந்தது, ஆர்டர் பறந்தது. பெட்டி வந்தது. அதற்குள் மூன்று சோலார் விளக்குகள். கரண்டு பில் கிடையாது. அதைவிடப் பெருமை, உள்ளே இருக்கும் சென்சார்: ஆள் நடமாடினால் பளீரென்று எரியும், நடமாட்டம் இல்லையென்றால் அணைந்துவிடும்.

"ஆளே இல்லாதப்ப எதுக்கு எரியணும், சொல்லு?" என்று குழைந்தார். "ஒண்ணே ஒண்ணு மட்டும். வேற வெளிச்சம் மேல பட்டா பகல்னு நெனச்சுக்கிட்டு இது எரியாது. அதனால ஜெபத்தப்ப ஹால் லைட்ட அணைச்சிரு."

விளக்கு எரிவதற்காக விளக்கை அணைக்கச் சொன்ன முதல் ஆள் அவராகத்தான் இருப்பார்.

குறித்த மாலை வந்தது. மஸ்கட்டில் கிளாட்வின் வேலையிலிருந்து சீக்கிரம் வந்து, முகம் கழுவி, செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து கைபேசியைத் திறந்தார். எல்லாம் துல்லியமாகத் தெரிந்தது. ஒலி மட்டும் வராது. ஒலி வரும் கேமராவுக்கு விலை கூட. சனம் வந்தது, பாயில் உட்கார்ந்தது. நடுவில் மாதா. விஜிலா நல்ல சேலையில் முன்வரிசையில் இருந்தாள். பாஸ்கல் புத்தகத்தைப் பிரித்தார். எல்லாரும் கண்மூடி அசையாமல் ஜெபித்தார்கள். எவ்வளவு பக்தியான ஊர், நம் ஊர்!

திடீரென்று பாஸ்கல் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினார். கொஞ்சம் கழித்து ஹில்டா எழுந்து கைகளை விரித்து ஆடினாள். பிறகு மூன்றாவது வரிசை முழுவதும் கை தூக்கியது. பிள்ளைகள் குதித்தார்கள். கிளாட்வினுக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு எழுச்சியான ஜெபத்தை அவர் கை தூக்கிப் பாடும் தியான மையங்களில்கூடப் பார்த்ததில்லை. தன் முற்றத்தில், தான் வாங்கிய விளக்கின் கீழே! அவரும் கட்டிலில் இருந்தபடியே கை தூக்கினார்.

உங்களுக்குப் புரிந்திருக்கும். அவருக்குப் புரியவில்லை. இருட்டிலும் பார்க்கும் கேமராவுக்கு விளக்கு எரிந்தாலும் ஒன்றுதான், அணைந்தாலும் ஒன்றுதான்.

பாதி ஜெபத்தில் எல்லாரும் எழுந்தார்கள். பாயைச் சுருட்டினார்கள். பாஸ்கல் மாதாவை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்ட, சனம் பின்னாலேயே போனது. முற்றத்தில் விஜிலா மட்டும் நின்றாள். அசையாமல் நின்றாள்.

கிளாட்வின் பதறிப்போய் அழைத்தார். "என்னளா, எல்லாரும் எங்க போறாங்க?"

"ஹில்டா அக்கா வீட்டுக்கு."

"ஏன்? ஜெபம் அவ்வளவு நல்லா நடந்துச்சே!"

"நல்லாவா? அசைஞ்சாத்தான் எரியுது, ஜெபிச்சா அணையுது. பாஸ்கல் அண்ணன் ஒரு வரி வாசிக்காரு, ஒருக்கா கைய ஆட்டுதாரு. போன் டார்ச்சு அடிச்சா, பகல்னு நெனச்சு மூணும் சேந்து அணையுது. பிள்ளைகள்லாம் சிரிப்பாச் சிரிக்கி. அற்புதமணி மாமி பாய் தட்டி விழப் பாத்தாங்க. போதும்னு எந்திரிச்சுட்டாங்க."

"மாதா?"

"மாதாவும் அங்கதான் தங்குதாங்க."

கிளாட்வின் கெட்டவர் அல்ல. மனம் நொந்துதான் பேசினார். "சென்சார் கோணத்தக் கொஞ்சம் கீழ எறக்கி வச்சிருக்கணும். நான் வீடியோ அனுப்புதேன், பாரு."

மறுமுனையில் போன் வைக்கப்பட்டது.

அடுத்த நாள் சாயந்திரம் கைபேசியைத் திறந்தால் முற்றம் இல்லை. வெறும் கறுப்புத் திரை, நடுவில் 'இணைப்பு இல்லை'. திருடனா, தீயா, நெட் போச்சா என்று கேட்க மூன்றுமுறை அழைத்தார். நாலாவதில் விஜிலா எடுத்தாள்.

"கேமரா ஓடலளா!"

"பழைய பல்பு ஹோல்டரு துருவேறிப் போச்சு. வெளில இருக்குதது ஒரே ஒரு பிளக் பாயிண்டு. கேமராவப் புடுங்கிட்டு அதுல லைட்ட மாட்டிட்டேன்."

"லைட்டா? எந்த லைட்டு? எத்தன வாட்டு?"

"எரியுத லைட்டு."

"யாருகிட்ட கேட்டு?"

"இருட்டுல நடக்குத ஆளுகிட்ட கேட்டேன்." அவள் குரலுக்குப் பின்னால் பெண்கள் சிரிக்கும் சத்தம். "மாசக் கடைசி ஜெபமாலைக்கு மாதாவ இங்க குடுங்கன்னு பாஸ்கல் அண்ணன்ட்ட கேட்டேன். இப்ப வந்து பாத்துட்டு, சரின்னுட்டாரு. ஹில்டா அக்காவும் வந்திருக்கா. ஊசி விழுந்தாக்கூட எடுக்கலாம்ங்கா."

"எனக்குத் தெரியலையே விஜிலா."

"கண்ணு டாக்டரப் பாத்தியளா?"

முற்றம் பளீரென்று இருந்தது. உலகத்திலேயே அது தெரியாத ஒரே ஆள் அதன் சொந்தக்காரர்.

பாவம் கிளாட்வின், என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைப் புரட்டப் போகிறீர்கள். நான் கடல் தாண்டியதில்லை, என் வீட்டில் கேமரா இல்லை, எனக்கும் இந்த இனத்துக்கும் என்ன உறவு என்கிறீர்கள். இருக்கட்டும். இந்த இனத்துக்கு மஸ்கட் கட்டாயமில்லை; மாடி அறையிலிருந்து கொண்டு அடுப்படியை ஆளும் கிளையும் உண்டு. ஒன்றே ஒன்று சொல்லிவிட்டுப் போங்கள். உங்கள் வீட்டில் ஒருவர் கடைசியாக "இங்க இருட்டா இருக்கு" என்று சொன்னபோது, நீங்கள் எழுந்து போய்ப் பார்த்தீர்களா, இருந்த இடத்திலிருந்தே இல்லை என்றீர்களா?