கர்சீப் மாமாவும் காசி யாத்திரையும்

மந்தைவெளியில் கர்சீப் மாமாவை நம்பிய ஆள் ஒருத்தர்கூடக் கிடையாது. கர்சீப் மாமா நம்பிய ஆளும் ஒருத்தர்கூடக் கிடையாது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவருக்கும் ஊருக்கும் அப்படி ஒரு ஒற்றுமை.

அவருக்கு நிஜப் பெயர் ஒன்று இருந்தது. எங்கள் குடியிருப்பின் தரைத்தளத்துக்கு அவர் வாடகைக்கு வந்தபோது, சங்கச் செயலாளர் என்ற முறையில் நான்தான் கேட்டு எழுதிக்கொண்டேன். ஒரே வாரத்தில் அது எல்லோருக்கும் மறந்துபோனது. போன வருஷம் பாலவாக்கத்தில் இருக்கும் மகள் வீட்டோடு போகும் வரை அவர் கர்சீப் மாமாதான்.

அவர் கையில் எப்போதும் இஸ்திரி போட்ட வெள்ளைக் கர்சீப் ஒன்று இருக்கும். சட்டைப் பையில் இன்னும் நாலைந்து. அதில் அவர் மூக்கைத் துடைத்து யாரும் பார்த்ததில்லை. சிக்னலில் புகை கக்கிக்கொண்டு நிற்கிற வண்டியைக் கண்டால் குனிந்து, சைலன்சர் வாயில் கர்சீப்பைப் பிடிப்பார். கறுத்துப்போன துணியை ஓட்டுநர் கண்முன் விரித்து, "இதைத்தான் எங்க தெருக் குழந்தைகள் இழுத்துண்டிருக்கு. ஆத்துல கொண்டுபோய்க் காமிங்கோ" என்று அவர் கையிலேயே கொடுத்துவிட்டு நடையைக் கட்டுவார்.

ஒரு ஷேர் ஆட்டோக்காரர் கேட்டார். "இன்னா பெர்சு, என் வண்டிக்கு ஜல்ப்பா? மூக்கு தொடச்சி வுட்டுக்கினு கீறே?"

"ஜலதோஷம்னா நான் பேசாமப் போயிருப்பேன். இது காசம்ப்பா" என்றார் மாமா.

தண்ணி லாரிக்காரர் ஒருவர் இவரை மஃப்டியில் வந்த அதிகாரி என்று நினைத்துத் தனியே ஓரமாகக் கூப்பிட்டார். இன்னொருத்தர் சைலன்சர் திருடன் என்று நினைத்துச் சட்டையைப் பிடித்தார். இரண்டுமே அடுத்தடுத்த நாளில் நடந்தன. மாமா இரண்டு பேரிடமும் ஒரே முகத்தைக் காட்டினார், ஏனென்றால் அவரிடம் இருந்தது அந்த ஒரு முகம்தான்.

எனக்கு ஒரு குணம் உண்டு. காரணம் இல்லாமல் ஒருத்தர் நல்லது செய்தால் எனக்குத் தூக்கம் வராது. சோழியன் குடுமி சும்மா ஆடாது என்பதில் எனக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. இந்த மனிதருக்கு என்ன லாபம் என்று துப்புத் துலக்க ஆரம்பித்தேன். "ஏதோ சோலார் கம்பெனிக்கு ஏஜெண்டு" என்றார் மூன்றாம் மாடி வங்கிக்காரர். "கவுன்சிலருக்கு நிக்கப் போறார். இப்பவே மூஞ்சியைப் பழக்கிக்கறார்" என்றாள் என் மனைவி. முன்னே எங்கே வேலை பார்த்தீர்கள் என்று அவரையே கேட்டேன். "ஒரு ஆபீஸ்ல" என்றார். சொல்லிவிட்டு, எதற்குக் கேட்கிறாய் என்பது போல என்னை மேலும் கீழும் பார்த்தார். யார் வீட்டிலும் காபி குடிக்க மாட்டார். குடித்தால் விலைக்கு வாங்கிவிட்டோம் என்று நினைத்துக்கொள்வோமாம்.

மொட்டை மாடியில் சோலார் தகடு போட வேண்டும் என்று அவர் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்றது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. முதல் எதிர்ப்பு வடாம் கட்சியிடமிருந்து வந்தது. தகடு வந்தால் வடாம் எங்கே காயும்? நிழல் விழாத இடத்தைச் சாக்பீஸால் கோடு போட்டுத் தருவதாகச் சொல்லி அதைச் சமாளித்தார். அடுத்து வங்கிக்காரர் எழுந்தார்.

"தகடெல்லாம் எந்தத் திசை பாத்து இருக்கும்?"

"தெற்கு."

கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. "எமன் திசையாச்சே. மொத்தக் கட்டடமும் எமனைப் பாத்துண்டு நிக்கணுமா?"

"தட்சிணாமூர்த்தி எந்தத் திசையைப் பாத்து உக்காந்திருக்கார்?" என்றார் மாமா. "அவர் பாக்கலாம், உங்க தகடு பாக்கப்படாதா?"

அப்படியும் தீர்மானம் நிறைவேறவில்லை. ஆனால் பக்கத்துக் கட்டடத்தில் தகடு போட முடிவாகிவிட்டது என்று இரண்டே நாளில் ஒரு சேதி வந்தது. அவர்களுக்கு முந்திவிட வேண்டும் என்று எங்கள் ஆட்கள் அவசரமாகக் கையைத் தூக்கினார்கள். பக்கத்துக் கட்டடத்துச் செயலாளரைப் பிறகு காய்கறிக் கடையில் பார்த்தேன். எங்கள் கட்டடத்தில் முடிவாகிவிட்டது என்று கேள்விப்பட்டுத்தான் அவர்களும் போட்டார்களாம். இரண்டு இடத்திலும் சேதி சொன்ன ஆள் ஒருத்தர்தான். அன்றிலிருந்து அவர்மேல் என் சந்தேகம் இரண்டு மடங்கானது.

இனி கோட்டீஸ்வரி. எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் ஒரு சந்து. அந்தச் சந்தில் புங்க மரத்தடியில் இஸ்திரி வண்டி போட்டிருப்பவள். தெருவில் பாதிப் பேர் சட்டை அவள் கைபட்டுத்தான் ஆபீஸ் போகும். வண்டிக்கு எதிரே ஒரு கல்யாண மண்டபத்தின் பின்சுவர். அந்தச் சுவரைத் துளைத்துக்கொண்டு, சரியாக அவள் முகத்துக்கு நேராக, மண்டபத்து ஜெனரேட்டரின் புகைக்குழாய் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். முகூர்த்த நாளில் மின்சாரம் போனால் உள்ளே நாதஸ்வரம், வெளியே இவள் இருமல். வேறு இடத்துக்கு வண்டியைத் தள்ளவும் முடியாது. அந்தப் பக்கத்தில் நிழல் இருக்கிற இடம் அது ஒன்றுதான். அவளுடைய வாடிக்கையும் எங்கள் தெருதான்.

மாமாவுக்கு இதைப் பார்த்ததும் ஜென்ம எதிரியைக் கண்ட மாதிரி ஆகிவிட்டது. கர்சீப்பைப் புகைக்குழாயில் பிடித்துக் காட்டி, "உனக்காகத்தான்ம்மா போராடப் போறேன்" என்று கோட்டீஸ்வரியிடம் சொன்னார். ஊரிலேயே அவரை அதிகம் சந்தேகப்பட்டது அவள்தான்.

"அந்த ஆளை என்னாண்ட வர வேணாம்னு சொல்லு சார்" என்றாள் என்னிடம். "அடையாத்தை சுத்தம் பண்றோம்னு இப்பிடித்தான் ரெண்டு பேர் நோட்டீஸ் எட்த்துக்கினு வந்தாங்கோ. அப்பாலிக்கா ஆத்தோரம் இருந்த எங்க அக்கா வூட்டைத் தூக்கி ஊருக்கு வெளிய போட்டாங்கோ. இப்ப அது வூட்டு வேலைக்கு வர்றதுக்கு ரெண்டு பஸ்ஸு மாறி வந்துக்கினு கீது. சுத்தம்னு ஒருத்தன் வாயத் தொறந்தா நான் என் சாமான எண்ணி வெச்சுக்குவேன் சார். இந்தப் பெர்சு கண்ணு என் கரிப்பெட்டி மேலதான்."

மாமா தெருக்காரர்களிடம் கையெழுத்து வாங்கினார். மனுவை எந்தெந்த அலுவலகத்துக்கு அனுப்பலாமோ அத்தனைக்கும் அனுப்பினார். மனுவில் மண்டபத்தின் பெயரை மட்டும் எழுதவில்லை. எழுதினால் யாராவது அதை மண்டபத்துக்காரரிடம் காட்டிக் கொடுத்துவிடுவார்கள் என்று சந்தேகம். அதனால், 'இந்தச் சந்தில் புகை விடுவது எதுவாக இருந்தாலும் அகற்றித் தருமாறு' என்று பொதுவாக எழுதியிருந்தார். தன் சாமர்த்தியத்தை அவரே இரண்டு முறை படித்துப் பார்த்து ரசித்தார்.

அதிகாரி வந்தார். வந்தது ஆடி மாதம்.

ஆடியில் எவன் கல்யாணம் பண்ணுவான்? மண்டபம் பூட்டிக் கிடந்தது. ஜெனரேட்டர் மேல் பூனை படுத்திருந்தது. சந்தில் அன்றைக்குப் புகை விட்ட ஒரே ஜீவன் கோட்டீஸ்வரியின் கரிப்பெட்டி. மண்டபத்து மேனேஜர் வேறு ஓடி வந்து, "எங்களுக்கும் இதே பிரச்சினைதான் சார், சுவரெல்லாம் கரி" என்று ஒத்து ஊதினார். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. அன்று சாயங்காலமே வண்டியை எடுத்தாக வேண்டும் என்று உத்தரவு ஆனது.

வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும்போது அவள் மாமாவைத் திட்டவில்லை. "சொன்னேன்ல சார்" என்று என்னைப் பார்த்து மட்டும் சொன்னாள். மாமா வாசலில் கையில் கர்சீப்போடு நின்றிருந்தார்.

அதற்குப் பிறகு அவர் சிக்னல் பக்கமே போகவில்லை. புகை கக்கும் வண்டிகள் நிம்மதியாகப் போய்வந்தன. ஒருநாள் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். காபி கொடுத்தால் குடித்துவிடுவார் போலிருந்தது. "நான் புகையைத் தூக்குங்கோன்னு கேட்டேன். அவா அவளைத் தூக்கிட்டா" என்றார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இருந்தாலும், இதில் வேறு ஏதாவது உள்குத்து இருக்குமோ என்றும் தோன்றியது.

மந்தைவெளி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், வெயிலில், வாடிக்கை இல்லாத இடத்தில் வண்டியைப் போட்டிருந்தாள் கோட்டீஸ்வரி. மாமா என்னையும் துணைக்கு அழைத்துக்கொண்டு போனார். கேஸில் சூடாகிற இஸ்திரிப் பெட்டி வந்திருக்கிறது, புகையே வராது, அதற்கு மாறினால் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது என்று விளக்கினார்.

அவள் கையிலிருந்த சட்டையை மடித்து வைத்தாள். பிறகு சொன்னாள். "பொட்டிய மாத்தணும்னா மாத்திக்கினு போறேன். எடத்த மாத்த மாட்டேன். என் எடத்த வாங்கிக் குடு, அப்பால பேசு."

"நியாயம்" என்றார் மாமா. அந்த வார்த்தையை அவர் இன்னொருத்தருக்குச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

ஆவணி பிறந்தது. முதல் முகூர்த்தத்துக்கே மண்டபத்தில் கல்யாணம். பிராமணக் கல்யாணம் என்பதால் காசி யாத்திரை உண்டு. மாப்பிள்ளை பஞ்சகச்சம் கட்டி, குடை பிடித்து, கையில் தடியும் விசிறியுமாக, எனக்குச் சம்சாரமே வேண்டாம், காசிக்குப் போகிறேன் என்று கிளம்புவார். பெண்ணின் அப்பா தேங்காயோடு போய், வேண்டாம், என் பெண்ணைக் கட்டிக்கொள்ளும் என்று திருப்பி அழைத்து வருவார். வழக்கமாக இது முன்வாசலில்தான் நடக்கும். ஆனால் முன்வாசலில் மெட்ரோவுக்காகப் பள்ளம் தோண்டித் தகரம் அடைத்திருந்தார்கள். அந்தப் பக்கம் காசிக்குப் போனால் மாப்பிள்ளை பாதாளத்துக்குத்தான் போவார். ஆகவே யாத்திரை பின்வாசல் வழியாக எங்கள் சந்துக்கு வந்தது.

நான் பால்கனியில் நின்று வேடிக்கை பார்த்தேன். சந்தின் கோடியில் மாமா நின்றுகொண்டிருந்தார், குளித்து, நெற்றிக்கு இட்டுக்கொண்டு, அழையாத விருந்தாளி மாதிரி. மாப்பிள்ளை குடையோடு புகைக்குழாய்க்கு நேராக வந்த நேரம் மின்சாரம் போனது. ஜெனரேட்டர் ஒரு குலுக்கல் குலுக்கி உயிர்பெற்றது. குழாயிலிருந்து வந்த முதல் புகை அப்படியே மாப்பிள்ளையை மூடிக்கொண்டது.

கண்ணைத் திறக்க முடியாமல் மாப்பிள்ளை இருமிக்கொண்டே சந்தின் கோடியை நோக்கி ஓடினார். பெண்ணின் அப்பா தேங்காயோடு பின்னால் ஓடினார். இத்தனை வேகமாகக் காசிக்குப் புறப்பட்ட மாப்பிள்ளையை நான் பார்த்ததில்லை. நன்றாக நடிக்கிறார் என்று சிநேகிதர்கள் கைதட்டினார்கள். மாமா இரண்டு கையையும் நீட்டி மாப்பிள்ளையை நிறுத்தினார். கர்சீப்பால் அவர் முகத்தை மெல்லத் துடைத்து, துணியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார். நாதஸ்வரம் பாதியில் நின்றது.

"என் பிள்ளை மூஞ்சியில என்னது இது?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

மேனேஜருக்குப் பழக்க தோஷம். "இஸ்திரி வண்டிக் கரி மாமி. நாங்களும் எவ்வளவோ சொல்லிப் பாத்தாச்சு" என்றார்.

"எந்த இஸ்திரி வண்டி?" என்றார் கர்சீப் மாமா.

கல்யாணக் கூட்டம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. புங்க மரத்தடி காலியாக இருந்தது.

எத்தனை மனுவுக்கும் அசையாத மண்டபம் சம்பந்தியம்மாள் ஒருத்திக்கு அசைந்தது. "இந்தப் புகை நிக்கற வரைக்கும் என் பிள்ளை உள்ளே வர மாட்டான்" என்று அவர் சந்தின் நடுவில் நின்றுகொண்டார். முகூர்த்தம் போய்க்கொண்டிருந்தது. பெண்ணின் அப்பா மண்டப முதலாளியின் கையைப் பிடித்துக்கொண்டு அழாத குறை. ஜெனரேட்டரை நிறுத்தினார்கள். குழாயைக் கூரைக்கு மேலே தூக்கிவிடுவதாகவும், கூரையில் சோலார் போடுவதாகவும், மரத்தடி வண்டிக்குத் தன்னால் தொந்தரவு வராது என்றும் முதலாளி வேர்க்க விறுவிறுக்க வாக்குக் கொடுத்தார். கல்யாணம் செய்துவைக்க வந்த வாத்தியார் சாட்சி. கல்யாணம் காற்றாடி இல்லாமல் நடந்தது. காசி யாத்திரைக்கு வாங்கிய விசிறி ஒரு கல்யாணத்தில் நிஜமாகவே விசிறப் பயன்பட்டது அன்றைக்குத்தான் இருக்கும்.

நான் விடுவேனா? வாத்தியாரைப் பிடித்துக் கேட்டேன். "முந்தின நாள் மாமா வந்து சொன்னார், முன்னாடி பள்ளமா இருக்கு, காசியும் வடக்கே இருக்கு, பின்வாசலும் வடக்கே பாத்துண்டிருக்கு, அதுதானே உசிதம்னு. எனக்கும் சரின்னு பட்டது" என்றார். நேராக மாமாவிடம் போய், மின்சாரம் போகும் என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். "பராமரிப்புக்காக நிறுத்தறான்னு பேப்பர்ல போட்டிருந்ததே. நீங்க பேப்பர் படிக்கறதில்லையா?" என்று என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

குழாய் கூரைக்கு மேலே போனது. கோட்டீஸ்வரி கேஸ் பெட்டியோடு மரத்தடிக்குத் திரும்பினாள். திரும்பிய வாரமே அந்த அதிகாரி பைக்கில் வந்து இறங்கினார்.

"இங்க வண்டி போடக் கூடாதுன்னு சொன்னேன் இல்ல? யாரைக் கேட்டும்மா போட்டே?"

 கோட்டீஸ்வரி பெட்டியைக் கீழே வைக்கவில்லை. "எங்க நைனாவக் கேட்டு" என்றாள்.

"யாரு உங்க நைனா?"

"தோ, உன் வண்டி சைலன்சராண்ட குந்திக்கினு கீதே, அதான் எங்க நைனா. இன்னா பேசறதுன்னாலும் அதாண்ட பேசு."

மாமா கர்சீப்போடு எழுந்தார். யாரைச் சொல்கிறாள் என்று சந்தேகத்தோடு தனக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தார். பின்னால் மண்டபத்துச் சுவர் மட்டும்தான் இருந்தது. அவர் மறுபடி இந்தப் பக்கம் திரும்பியபோது அவர் முகம் இருந்த நிலையைப் பார்த்தேன். அதற்குப் பிறகு அந்த மனிதரைச் சந்தேகப்பட எனக்கு மனசு வரவில்லை.