பட்டியலின் தலையில் மூன்று ஏ

"மாதக் கடைசி ஞாயிறு, பகல் பன்னிரண்டு மணி. அந்த நேரத்துல பட்டியலோட தலையில எவர் பேர் நிக்குதோ, இந்த ரூம் அவருக்கே. இது சத்தியம்!"

இப்படிச் சொல்லிவிட்டு லிஃப்ட்காரர் தம் கையிலிருந்த நீண்ட ஸ்க்ரூடிரைவரைச் செங்கோல்போலத் தரையில் ஊன்றினார். கால் பெருவிரலுக்கு அரை அங்குலம் தள்ளி ஊன்றினார் என்பது கடிகாரம் பழுதுபார்க்கும் பக்கத்து வீட்டு வாட்ச்காரர் சொல்லும் பாடம். விரல்மேலேயே ஊன்றினார் என்பது தைக்கக் கொடுக்க வரும் பெண்கள் சொல்லும் பாடம். சத்தியத்தின் வாசகத்தில் மட்டும் இரு தரப்புக்கும் வேறுபாடு இல்லை. அது எழுத்தில் இருக்கிறது.

எழுதி வாங்கியவர் அவர் மனைவி.

லிஃப்ட்காரர் பகலெல்லாம் பிறருடைய மின்தூக்கிகளைப் பழுதுபார்ப்பவர். மாலையில் வீட்டுக்கு வந்ததும் பழைய விளையாட்டு மிஷின்களைப் பழுதுபார்ப்பவர். மூடிப்போன கேளிக்கைக் கூடங்களிலிருந்து, ஆள் உயரப் பெட்டியும் பிக்சர் டியூபும் பொத்தான்களுமாகக் கிடந்தவற்றை ஒவ்வொன்றாக வீட்டுக்குள் கொண்டுவந்தார். ஊறி உப்பிய அடிப்பலகையை அறுத்தெறிந்து புதுப் பலகை வைப்பார். போர்டில் வீங்கிய மின்தேக்கிகளைப் பிடுங்கிப் புதிதாகப் பற்றவைப்பார். மூன்று மிஷின்கள் சேர்ந்தன. வீட்டில் பெரிய ஜன்னல் உள்ளது ஒரே ஓர் அறை. அந்த அறையில் மூன்றும் குடியேறின. குடியேறியதும் அவர் செய்த முதல் காரியம், பிக்சர் டியூபில் வெளிச்சம் பட்டால் படம் தெரியாது என்று ஜன்னலுக்குத் தடித்த திரை போட்டது.

மனைவி, அதாவது அம்மாள், தையல்காரர். அவருடைய தையல் மிஷின், குளிர்பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில், குழல்விளக்கின் அடியில் இருந்தது. அந்த விளக்கில் கருநீல நூலும் கறுப்பு நூலும் இரட்டைப் பிள்ளைகள். சென்ற மாதம் இருபத்தாறு நர்ஸ் சட்டைகளுக்குக் கருநீலத் துணியில் கறுப்பு நூல் ஓடிவிட்டது. அம்மாள் இருபத்தாறையும் பிரித்தார். பிரித்து முடித்த கையோடு அறை வாசலில் வந்து நின்றார்.

"ஏங்க, எனக்கு ஜன்னல் வேணும்."

"ஜன்னலைக் கழட்டிக் குடுக்க முடியுமா?"

"ரூமைக் குடுங்க."

"மூணு மிஷின் இருக்கு, ரூம்ல. உன்னோடது ஒரே மிஷின். மெஜாரிட்டி யாருக்கு?"

"என் மிஷின் சோறு போடுது. உங்க மூணும் என்ன போடுது?"

"பாயிண்ட் போடுது," என்றார் லிஃப்ட்காரர், கம்பீரமாக.

அந்த வீட்டில் ஒருவரையொருவர் அழைக்கும் முறையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். கதை அதில்தான் தொங்குகிறது. அம்மாள் அவரை 'ஏங்க' என்பார். அவர் அம்மாளை 'ஏ' என்பார். முதல் 'ஏ' அழைப்பு, இரண்டாவது அவசரம், மூன்றாவது கோபம். மூன்றும் சேர்ந்தே வரும். "ஏ... ஏ... ஏ! அந்தக் குறடை எடு." இருபத்திரண்டு ஆண்டுகளாக இருவருக்கும் இடையில் நின்ற மரியாதை வித்தியாசம் 'ங்க' என்ற இரண்டெழுத்துதான்.

நேராக மறுத்தால் இரவுச் சாப்பாடு ஆறிப்போகும் என்பது லிஃப்ட்காரருக்குத் தெரியும். எனவே ஒரு தந்திரம் செய்தார். மூன்றில் ஒன்று கார் மிஷின். உட்கார்ந்து ஆடுவது; ஸ்டீயரிங்கும் காலுக்கு ஒரு மிதியும் உண்டு. மலைப்பாதையில் கார் ஓடும். எவ்வளவு தூரம் முட்டாமல் போகிறதோ அவ்வளவு பாயிண்ட். ஆட்டம் முடிந்ததும் மூன்றெழுத்தில் பேர் கேட்கும்; ஸ்டீயரிங்கைத் திருப்பி எழுத்தைத் தேடி, மிதியைத் தட்டிப் பதிக்க வேண்டும். போர்டில் உள்ள சிறு பேட்டரி அந்தப் பட்டியலை அழியாமல் காக்கும். பட்டியலில் யார் மேலே நிற்கிறாரோ அவருக்கே அறை என்றார். கேட்பதற்கு நீதிபோல இருந்தது. ஆனால் ஓடுவது ஒரே குதிரை, ஜெயிப்பதும் அதுதானே?

"எவர் பேரோன்னா, யாரா இருந்தாலுமா?" என்று கேட்டார் அம்மாள்.

"யாரா இருந்தாலும். ஏன், நீயே ஆடி ஜெயிச்சாலும் சரி!" லிஃப்ட்காரர் சிரித்தார். சிரிப்பை அடக்க முடியாமல் மறுபடியும் சிரித்தார்.

"எனக்கு எதுக்குங்க அதெல்லாம்? எழுதி மட்டும் குடுத்துடுங்க."

லிஃப்ட் சர்வீஸ் தாளின் பின்பக்கத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டார். அம்மாள் அதை நாலாக மடித்து ஊசிப்பெட்டிக்குள் வைத்துக்கொண்டார்.

அன்று மாலையே லிஃப்ட்காரர் ஒரு லட்சத்து எண்பதாயிரம் எடுத்தார். எல், எஃப், டி என்று தம் தொழிலின் மூன்றெழுத்தைப் பட்டியலின் தலையில் பொறித்தார். அறை தமக்கே என்று நிம்மதியாகத் தூங்கினார்.

மறுநாள் வேலையிலிருந்து வந்து மிஷினைப் போட்டவர் அப்படியே நின்றார். எல் எஃப் டி இரண்டாம் இடத்தில் இருந்தது. அதன் தலைமேல் மூன்று லட்சத்துப் பன்னிரண்டாயிரம். பக்கத்தில் பேர்: ஏ ஏ ஏ.

மனிதரால் எடுக்கக்கூடிய எண் அல்ல அது. பேர் கேட்கும் இடத்தில் மிஷின் முதலில் காட்டுவது ஏ என்ற ஆங்கில எழுத்து. ஆக, பைத்தியம் பிடித்த மெமரி ஒன்று முதல் எழுத்தையே திருப்பித் திருப்பி உளறியிருக்கிறது. இதுவே லிஃப்ட்காரர் கண்ட முடிவு. பெரிய முடிவு. அதற்கு ஆதாரங்களும் அடுத்தடுத்து வந்தன. சீட் இரண்டு பல் முன்னால் நகர்ந்திருந்தது; போல்ட் தளர்ந்திருக்கிறது என்று இறுக்கினார். மறுநாளும் நகர்ந்திருந்தது, அதிர்வு என்றார். ஸ்டீயரிங்கில் ஒரு நீல நூல் சுற்றியிருந்தது. பிக்சர் டியூபின் நிலைமின்சாரம் வீட்டிலுள்ள நூலையெல்லாம் ஈர்க்கிறது என்று விளக்கி, அம்மாளை மிஷின் பக்கம் நூலோடு வரவேண்டாம் என்று எச்சரித்தார்.

"சரிங்க," என்றார் அம்மாள். பிறகு, தைத்துக்கொண்டிருந்த சட்டையின் காலரைத் திருப்பிக்கொண்டே, "ஏங்க, அந்த மிதி திரும்பி மேல வரும்போது லேசாப் பிடிக்குது பாருங்க. ஒரு சொட்டு எண்ணெய் விட்டா சரியாகிடும்," என்றார்.

லிஃப்ட்காரர் போய்ப் பார்த்தார். பிடித்தது. தையல் மிஷின் எண்ணெயில் ஒரு சொட்டு விட்டார். சரியாகிவிட்டது. மிதி பிடிப்பது இவளுக்கு எப்படித் தெரிந்தது என்ற கேள்வி அவர் மண்டையின் வாசல் வரைக்கும் வந்தது. மெமரி பற்றிய சிந்தனை உள்ளே நிறைந்திருந்ததால் அது வெளியிலேயே நின்று திரும்பிப் போய்விட்டது.

பேட்டரியைக் கழற்றிப் பட்டியலை அழித்தார். அழிந்தது. மறுநாள் மாலை ஏ ஏ ஏ மறுபடி தலையில். இப்போது மூன்று லட்சத்து இருபதாயிரம். மெமரி சில்லையே மாற்றினார். ஏ ஏ ஏ மாறவில்லை. கடைசியில் பேட்டரியை எடுத்துக்கொண்டு வாட்ச்காரர் கடைக்குப் போனார்.

வாட்ச்காரர் கண்ணில் லென்ஸ் மாட்டிக்கொண்டு பார்த்தார். "பேட்டரி நல்லாத்தானே இருக்கு, அண்ணே."

"அப்ப போர்டுதான் கெட்டிருக்கு."

"கெட்டுப்போன போர்டு தினம் ஆட்டத்தை முன்னேத்திக்கிட்டே போகுமா?"

"போகும். அது முத்தின கேஸ்."

"வீட்டுல பகல்ல யாரு இருக்கா?"

"யாரும் இல்ல. அவ மட்டும்தான்."

வாட்ச்காரர் லென்ஸைக் கழற்றாமலே லிஃப்ட்காரரைச் சற்று நேரம் பார்த்தார். மிகப் பெரிதாகத் தெரிந்திருக்க வேண்டும். பேட்டரியைத் திருப்பிக் கொடுத்தார்.

மாதக் கடைசி ஞாயிறு வந்தது. லிஃப்ட்காரர் குளித்து, சலவைச் சட்டை போட்டு, வாட்ச்காரரைச் சாட்சிக்கு அழைத்துவந்தார். பதினோரு மணிக்கு, சாட்சியின் முன்னிலையில், பேட்டரியைக் கழற்றி ஏ ஏ ஏ என்ற அந்தப் பேயை ஓட்டினார். பிறகு உட்கார்ந்தார். மிதியை மிதித்தார். அவர் மிதிப்பது லிஃப்ட்காரர் மிதிப்பு: ஒன்று மேலே, அல்லது கீழே, நடுவில் நிற்பது பழுது. வளைவுதோறும் கார் பாறையில் முட்டியது. ஆனாலும் ஒரு லட்சத்து எண்பத்தாறாயிரம் சேர்த்தார். எல் எஃப் டி தலையில் ஏறியது. மணி பதினொன்றே முக்கால்.

"எழுதிக்குங்க!" என்றார் சாட்சியிடம்.

அம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். தோளில் ஒரு நீல நூல் ஒட்டியிருந்தது.

"ஏங்க, நானும் ஒரு தடவை உக்காந்து பாக்கட்டுமா?"

"உக்காரு, உக்காரு. இனிமே இந்த ரூம் பக்கம் உனக்கு என்ன வேலை? ஆசைக்கு ஒரு தடவை உக்காந்துக்க. பயந்துடாத, கார் வேகமாப் போகும்."

அம்மாள் உட்கார்ந்தார். குனிந்து பார்க்காமலே கையைக் கீழே விட்டு, சீட்டை இரண்டு பல் முன்னால் இழுத்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். வெறும் பாதத்தை மிதியின்மேல், தூங்கும் குழந்தையின் முதுகில் கை வைப்பதுபோல வைத்தார்.

கார் புறப்பட்டது. முதல் வளைவில் முட்டவில்லை. இரண்டாவதில் முட்டவில்லை. லிஃப்ட்காரர் மிஷினைப் பார்ப்பதை விட்டுவிட்டு அந்தப் பாதத்தைப் பார்த்தார். அது அழுத்தவும் இல்லை, எடுக்கவும் இல்லை. பேசிக்கொண்டிருந்தது.

"எப்படி... எப்படி வளையுது?"

"காலர் தைக்கிற மாதிரிதாங்க. வளைவுல காலை எடுத்தா தையல் நின்னுடும், அமுக்கினா கோணிக்கும். இதுல நூல் அறுந்துடுமோன்னு பயமாவது இல்ல."

"நீ... நீ முன்னாடியே ஆடியிருக்கியா?"

"நூல் கலர் பாக்க வெளிச்சத்துக்கு வந்தேன். திரையை விலக்கினா, உக்கார இடம் இது ஒண்ணுதான் இருந்தது. காலுக்குக் கீழ மிதி. இருபது வருஷமா மிதிச்ச கால், சும்மா இருக்குமா?"

"சொல்லவே இல்லையே!"

"நீங்க மிஷினைத்தானே கேட்டீங்க. என்னைக் கேக்கலையே."

மூன்று லட்சத்து நாற்பதாயிரத்தில் ஆட்டம் முடிந்தது. மிஷின் பேர் கேட்டது. அம்மாள் ஸ்டீயரிங்கைத் தொடவில்லை. மிதியை மூன்று முறை, பொத்தான் துளை முடிச்சுப் போடுவதுபோல, தட்டினார். ஏ. ஏ. ஏ. எல் எஃப் டி ஒரு படி கீழே இறங்கியது. லிஃப்ட் இறங்குவதுபோல அத்தனை சுத்தமாக.

"பதினொண்ணு அம்பத்தாறு," என்றார் வாட்ச்காரர்.

லிஃப்ட்காரரிடம் நான்கு நிமிடமும் ஒரு சட்ட அறிவும் மீதி இருந்தன. ஆட்டத்துக்கு நான்கு நிமிடம் போதாது. சட்டத்துக்குப் போதும்.

"செல்லாது!" என்றார். "அந்தத் தாளைக் கொண்டா. என்ன எழுதியிருக்கேன்? 'எவர் பேர் நிற்கிறதோ.' பேர்! அது உன் பேரா? ஏ ஏ ஏ-ங்கிறது எவர் பேர்? உலகத்துல அப்படி ஒரு பேர் உண்டா? பேரே இல்லாதவங்களுக்கு ரூம் எப்படிக் கிடைக்கும்?"

வாதம் வலுவானதுதான். வாட்ச்காரரே ஒரு கணம் தலையசைத்துவிட்டார்.

அம்மாள் எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டார். குரலை உயர்த்தவில்லை.

"ஏங்க. கல்யாணம் ஆன நாள்லேருந்து நீங்க என்னை எந்தப் பேர் சொல்லிக் கூப்பிடறீங்க?"

லிஃப்ட்காரர் வாயைத் திறந்தார். மனைவியின் உண்மையான பேர் தொண்டை வரை வந்தது. ஆனால் பழக்கமில்லாத நாக்கு அதை வெளியே விடவில்லை.

"சுவர் ஒண்ணுதான், அண்ணே," என்றார் வாட்ச்காரர் மெதுவாக. "காலையில மூணு தடவை, சாயங்காலம் மூணு தடவை எனக்கும் கேக்கும். அதே மூணெழுத்துதான்."

பன்னிரண்டு அடித்தது.

அன்று பிற்பகலே ஜன்னல் திரை கழன்றது. தையல் மிஷின் ஜன்னலடிக்குப் போனது. இரண்டு விளையாட்டு மிஷின்கள் குளிர்பெட்டியின் பக்கம் வந்தன. கார் மிஷினையும் நகர்த்த லிஃப்ட்காரர் குனிந்தபோது, "அது அங்கேயே இருக்கட்டும்," என்றார் அம்மாள். "மேல என் பேர்தானே இருக்கு."

அதற்குப் பிறகு நடந்ததில் பாடங்கள் பலவாகப் பிரிகின்றன. லிஃப்ட்காரர் இரண்டு நாள் பொறுத்தார் என்பார்கள். ஒரு வாரம் என்பாரும் உண்டு. அழுதார் என்பதை வாட்ச்காரர் மறுக்கிறார். ஆனால் ஒரு மாலை, அவர் அறை வாசலில் வந்து, உள்ளே கால் வைக்காமல் நின்று, "ஏ..." என்று தொடங்கினார் என்பதில் எல்லாரும் ஒத்துப்போகிறார்கள். உள்ளே தையல் ஓசை நின்றது. கருநீலச் சட்டையிலிருந்து அம்மாள் தலை நிமிர்த்தினார். லிஃப்ட்காரர் எச்சிலை விழுங்கி, குறைந்திருந்த இரண்டெழுத்தையும் சேர்த்துக்கொண்டார்.

"...ங்க. ஒரே ஒரு ஆட்டம் ஆடிக்கட்டுமா?"