ரங்கூன் ஸ்டவ்வின் மூன்று மணி நேரம்

மருந்து கொடுக்காமலேயே பேர் வாங்கிய வைத்தியர் இந்த உலகத்தில் ஒருவர்தான். எழுபதுகளில் செங்கல்பட்டு ரயில்வே ஸ்டேஷன் பக்கம் குடியிருந்த யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், 'ரங்கூன் ஸ்டவ்' என்பார்கள். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்றும் அவருக்கு இருந்திருக்கும். ரேஷன் கார்டுக்கு வெளியே அதை யாரும் உபயோகித்ததாக எனக்கு நினைவில்லை.

தொழில் ஸ்டவ் ரிப்பேர். பர்மாவிலிருந்து கப்பலேறி வந்தவர். அங்கே ஒரு சீனாக்காரருடைய மருந்துக் கடையில் பதினோரு வருஷம் கஷாயம் காய்ச்சியிருக்கிறார். நாடி பார்ப்பதும் மருந்து சொல்வதும் சீனாக்காரர்; அடுப்படி மட்டும் இவருடையது. "நான் டாக்டர் இல்ல தம்பி, சமையக்காரன்" என்பார். அதைச் சொல்லும்போது ஒரு கலெக்டருக்கு இருக்க வேண்டிய மிடுக்கு அவர் முகத்தில் இருக்கும்.

அவரிடம் ஒரு பிஸ்கட் டின் இருந்தது. உள்ளே கறுப்பு கறுப்பாகச் சில்லுகள். சீனத்தில் ஃபூசி என்று பெயராம். நாட்டு மருந்துக் கடையில் நாபி என்று ஒரு விஷக் கிழங்கைப் பயந்து பயந்து எடுப்பார்களே, அதற்குப் பங்காளி. மெட்ராஸில் பல் கட்டும் ஒரு சீனாக்காரர் மூலமாக வரவழைப்பார். உடம்பு ஜில்லிட்டுக் கைகால் விறைத்தவர்களுக்கு அது சூடு கொடுக்கும். சரியாக வேகாமல் உள்ளே போனால் முதலில் நாக்கு மரத்துப் போகும், அப்புறம் இதயம் தன் இஷ்டத்துக்கு அடிக்க ஆரம்பிக்கும். அதனால் டின்னுக்குப் பூட்டு உண்டு. சாவி அவருடைய அரைஞாண் கயிற்றில் தொங்கும்.

கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்துவிட மாட்டார். பிள்ளைத்தாச்சிகள் கடைப்பக்கம் வந்தாலே டின்னைத் தூக்கி உள்ளே வைப்பார். சாராய வாடை அடித்தால் ஆளை எதிர்ப்பக்கத்திலேயே நிறுத்திவிடுவார். எங்கள் ஆபீஸ் ஹெட்கிளார்க் சித்திரை வெயிலிலும் காலுறையோடு வருகிறவர், கால் ஜில்லென்றிருக்கிறது என்று அவரிடம் போய் ஆசையாக நாக்கை நீட்டினார். ஸ்டவ் ஐந்து நிமிஷம் பார்த்தார். நாக்கு சிவந்திருக்கிறது, உள்ளே கொதிக்கிற உடம்பு, இதற்கு மேல் சூடு ஏற்றினால் ஆபத்து, காப்பியைக் குறையுங்கள், காலுறையைத் துவையுங்கள் என்று அனுப்பிவிட்டார். கூட்டிக்கொண்டு போனவன் நான். மூன்று மாதம் எனக்கு லீவு கிடைக்கவில்லை.

பத்துப் பேரில் ஒருவருக்குச் சரி என்பார். அவருக்கும் சில்லைக் கையில் தர மாட்டார். தானே போய், மூன்று மணி நேரம் குறையாமல் காய்ச்சி, முதல் சொட்டைத் தானே நாக்கில் விட்டுக்கொள்வார். கொஞ்ச நேரம் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டு ரயில் ஸ்டேஷன்களைச் சொல்ல ஆரம்பிப்பார். செங்கல்பட்டு, சிங்கப்பெருமாள் கோயில், காட்டாங்கொளத்தூர், கூடுவாஞ்சேரி, வண்டலூர், பெருங்களத்தூர், தாம்பரம். தாம்பரம் வரை நாக்கு தடுக்காமல் போய்ச் சேர்ந்தால் மருந்து பாஸ். வழியில் எங்கே தடுக்கினாலும் பானை மறுபடி அடுப்பில் ஏறும்.

அவரிடம் ஒரு நாள் காசியம்மா வந்தாள். மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்திலிருந்து பஸ்ஸில் கூடையோடு வந்து மீன் விற்கிறவள். புருஷன் எல்லப்பனுக்கு முட்டிக்குக் கீழே ஜில்லிட்டுப் போய், நாலு மாதமாக மரம் ஏறவில்லை. மரம் என்றால் அங்கே கட்டுமரம். ஆஸ்பத்திரியில் பார்த்து, கெடுதலாக ஒன்றும் தெரியவில்லை என்று அனுப்பிவிட்டார்களாம். "கார்த்திகைக்குள்ள கடலுக்குப் போவலைன்னா அந்த மனுஷன் குந்துன எடத்துலயே குந்திப்பூடுவான் நைனா" என்றாள். ஸ்டவ் போய்ப் பார்த்தார். நாக்கு வெளுத்திருந்தது. சரி என்றார்.

ஞாயிறு தோறும் பானை, ஸ்டவ், டின் சகிதம் குப்பத்துக்குக் கிளம்பினார். எனக்கும் வேறு வேலை இல்லாததால் பானை தூக்கப் போனேன். காய்ச்சி, ருசித்து, தாம்பரம் போய்ச் சேர்ந்து, சோறு தின்ற பிறகு குடிக்கச் சொல்லிச் சொம்பில் ஊற்றிக் கொடுத்துவிட்டுக் கடைசி பஸ்ஸைப் பிடிப்போம். மூன்று ஞாயிறு போயிற்று. எல்லப்பன் கால் அப்படியே ஐஸாக இருந்தது. காய்ச்சிக் காய்ச்சியே மருந்தின் சாரத்தை ஆவியாக்கிவிடுகிறார் என்று குப்பத்தில் பேச்சு. எனக்கும் அந்த சந்தேகம் இருந்தது. அவருக்கு மட்டும் ராத்தூக்கம் போயிற்று; பதினோரு வருஷத்தில் தன் கஷாயம் தோற்றதில்லை என்பார்.

நாலாவது ஞாயிறு ஐப்பசி மழை. விறகெல்லாம் ஈரம். ஊரெல்லாம் மண்ணெண்ணெய்க்கு அலைந்துகொண்டிருந்த சமயம், ஸ்டவ்வில் எண்ணெய் தீர்ந்ததும் காசியம்மா வீட்டு விளக்கு எண்ணெயையும் கொண்டுவந்து ஊற்றினாள். அடுப்பு மூட்டி இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை, அதுவும் தீர்ந்தது.

"போதும்ணே. இருக்கறத குடுத்துட்டு வாங்க, பஸ் போயிடும்" என்றேன்.

அவர் ஒரு சொட்டை நாக்கில் விட்டுக்கொண்டு கண்ணை மூடினார். செங்கல்பட்டு வந்தது. சிங்கப்பெருமாள் கோயில் குழறிக்கொண்டு வந்தது. காட்டாங்கொளத்தூர் வரவே இல்லை. மறுபடி முயன்றார், 'காத்தா, காத்தா' என்று நின்றது. எழுந்து, காலால் மணலில் ஒரு குழி பறித்து, பானையை அப்படியே கவிழ்த்தார். கோழி நக்காமல் இருக்க மேலே மணலையும் தள்ளினார்.

"என் வூட்டு வெளக்கு எண்ணெய்ய ஊத்தி காச்சுனதுய்யா அது. மண்ணுக்கா ஊத்துற? இன்னா மனுஷன்யா நீ?" என்று காசியம்மா கத்தினாள்.

"இன்னொரு தபா காத்துவேன். இத கொதுக்க மாத்தேன்" என்றார் ஸ்டவ், மரத்துப்போன நாக்கோடு. சுற்றி நின்ற கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன், சொல்ல வெட்கமாக இருக்கிறது.

பஸ்ஸில் தன் நாடியைத் தானே பிடித்தபடி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார். கூடுவாஞ்சேரியைச் சுத்தமாகச் சொல்ல முடிந்த பிறகுதான் கையை விட்டார்.

அடுத்த ஞாயிறு தன் ரேஷன் எண்ணெயை இரண்டு பாட்டிலில் நிரப்பிக்கொண்டு தானாகவே கிளம்பினார்; பானையோடு நானும். மூன்று மணி நேரம் முழுசாகக் காய்ச்சி, தாம்பரம் வரை போய் வந்து, எல்லப்பனை நாக்கை நீட்டச் சொன்னார். எல்லப்பன் நீட்டினார். அவருக்குப் பின்னால் தாட்டியான மூன்று பேர் வரிசையாக வந்து நின்று, அவர்களும் நாக்கை நீட்டினார்கள்.

நீங்கள் ஏன் நீட்டுகிறீர்கள் என்று கேட்டார் ஸ்டவ். அவர்கள் எல்லப்பனோடு ஒரே மரத்தில் போகிறவர்கள். முதல் ஞாயிற்றிலிருந்தே அந்தச் சொம்பை நாலு பேரும் சமமாகப் பங்கு போட்டுக் குடித்து வந்திருக்கிறார்கள்.

எல்லப்பன் விளக்கினார். "நான் மரம் ஏறாத நாள்லயும் இவனுங்கோ எம் பங்க வூட்ல கொண்டாந்து குடுத்துகினு கீறானுங்கோ. எனக்கு வந்தத நான் மட்டும் எப்படிய்யா குடிக்கிறது?"

ஸ்டவ் மணலில் உட்கார்ந்துவிட்டார். கால் பங்கு மருந்தில் கால் எப்படிச் சூடாகும்? ஆனால் அவர் முகம் வெளுத்தது அதற்காக இல்லை. போன வாரப் பானையை நினைத்துக்கொண்டார். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. அன்றைக்கு அந்த வேகாத கஷாயத்தைச் சொம்பில் கொடுத்திருந்தால் நாலு பேர் குடித்திருப்பார்கள்; மூன்று பேர் விடியலில் அதோடு கடலுக்குள் போயிருப்பார்கள். காசியம்மாவும் கணக்குப் போட்டிருக்க வேண்டும். மெல்ல வந்து, "நான் பேசுனத மனசுல வச்சுக்காத நைனா" என்றாள்.

"நீ பேசும்மா. அன்னிக்கு எனக்குத்தான் பேச வரல" என்றார் அவர்.

தனியாகக் குடிக்க மாட்டேன் என்று எல்லப்பன் ஒரே பிடிவாதம். நோயில்லாதவர்களுக்கு இந்த மருந்து தர மாட்டேன் என்று ஸ்டவ் அதைவிடப் பிடிவாதம். கடைசியில் ஸ்டவ் மூன்று பேருக்கும் சுக்குக் கஷாயம் போட்டு, இது உங்கள் பங்கு என்று ஆளுக்கொரு டம்ளர் கொடுத்தார். பொய்யில்லை, ரங்கூன் கடையில் சுக்கும் சூட்டு மருந்து டிராயரில்தான் இருந்ததாம். எல்லப்பன் முழுப் பங்கைக் குடித்தார். மூன்றாவது வாரம் கால் வெதுவெதுத்தது. கார்த்திகை பிறந்ததும் மரம் ஏறினார்.

அந்த ஞாயிறு நாங்கள் கரையில் நின்றிருந்தோம். மரம் வந்து சேர்ந்ததும் மீனைக் கூறு கட்டினார்கள். நாலு பேருக்கு நாலு, மரத்துக்கும் வலைக்கும் ஒன்று. அதற்குப் பக்கத்தில் இன்னொரு கூறு வைத்து, அதன்மேல் ஒரு பெரிய பாறை மீனைக் கிடத்தினார் எல்லப்பன். அது ஸ்டவ்வுடைய பங்கு என்றார்.

ரங்கூன் ஸ்டவ் சுத்த சைவம். அதை அவர் அங்கே சொல்லவில்லை. மீனை வாலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார், கண்டக்டரோடு சண்டை போட்டார், செங்கல்பட்டில் இறங்கிக் குறுக்கு வழி இருக்கக் கடைத்தெருவைச் சுற்றிக்கொண்டு நடந்தார். என் கையில் தரச் சொல்லியும் தரவில்லை. கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் "என் பங்கு" என்று சொல்லிக்கொண்டே போனார். எனக்கு வேலை நிரந்தரமான உத்தரவு வந்த அன்றைக்குக்கூட, அவர் பக்கத்தில் காலிப் பானையோடு நடந்த அந்த அரை மைலில் எனக்கிருந்த பெருமை இருந்ததில்லை.