மந்திரித்த கெண்டைப்பொடி

ஜலகண்டாபுரம் தோட்டம்,
கல்லறைத் திருநாளுக்கு மறுவாரம்.

மரியாதைக்குரிய மச்சான் தோமினிக் அவர்களுக்கு, உங்கள் தங்கை இன்னாசிமேரியின் வீட்டுக்காரன் வின்சென்ட் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே இருவரும் சௌக்கியம் என்று எழுதுவது வழக்கம், அதனால் எழுதிவிட்டேன். நீங்களாவது நிஜமாகவே சௌக்கியமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே சிரிப்பீர்கள், அதனால்தான் கடிதம்.

மச்சான், பந்தயத்தில் நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள். என் நெஞ்சில் இரண்டு ஸ்டென்ட் வைத்து, இனி லாரி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொன்ன அன்றைக்கே, "தோட்டத்த வித்துப்போட்டு சேலத்துக்கு வந்துருங்க மாப்பிள்ளை, என்ற ஊட்டுக்குப் பக்கத்துல மூணாம் மாடியில ஒரு போர்ஷன் சும்மா கெடக்குது" என்றீர்கள். நான் வீம்புக்கு, அடுத்த ஈஸ்டருக்குள் பண்ணைக்குட்டையில் விரால் வளர்த்துக் காட்டுகிறேன், காட்டாவிட்டால் விற்றுவிடலாம் என்று கையடித்துக் கொடுத்தேன். முப்பத்தொரு வருஷம் லாரி ஓட்டியவனுக்கு மீன் ஒரு பெரிய விஷயமா என்ற திமிர்தான்.

விராலுக்கு உயிரோடு ஓடுகிற சின்ன மீன் இரையாக வேண்டுமாம். எந்த மீனை விடுவது என்று ஒரு மாதம் அலைந்தேன். உங்கள் தங்கையைப் பெண் பார்க்க வந்தபோதுகூட நான் இத்தனை பேரிடம் விசாரிக்கவில்லை. மேச்சேரிச் சந்தையில் மீன் விற்கும் பூபதியிடம் அயிரை கேட்டால், "அயிரையக் கொழம்பு வெக்காம விராலுக்குப் போடறீங்களா? உங்களுக்கே நாயமா இருக்குதுங்களா?" என்று திட்டி அனுப்பிவிட்டார். கொசுப்புழு தின்பதற்கு சுகாதாரத் துறையில் சும்மா கொடுக்கும் கப்பி மீன், விராலுக்குக் கடைவாய்க்குக்கூடக் காணாது. ஜிலேபி மீனோ, வாடகைக்கு வந்து வீட்டையே எழுதி வாங்கிக்கொள்கிற ரகம், விரால் குஞ்சையே தின்றுவிடும். கடைசியில் விரல் நீளக் கெண்டைப்பொடிதான் சரி, சாது, சீக்கிரம் பெருகும் என்று முடிவு செய்து, அது பெருகும்வரை விரால் அந்தப் பக்கம் போகாமலிருக்கக் குட்டைக்குக் குறுக்கே வலை கட்டினேன்.

இதுவரைக்கும் எல்லாம் சரியாகத்தான் செய்தேன் மச்சான். குட்டையை மந்திரிக்கப் பங்குசாமியாரைக் கூப்பிட்டதுதான் தப்பு. அன்றைக்குக் காலையில் விரால் குஞ்சும் வந்திருக்க வேண்டும். ஏற்றி வந்த வேன் ராசிபுரத்தில் ஆக்ஸில் உடைந்து நின்றுவிட்டது, சாமியாருக்கோ அடுத்து ஒரு மந்திரிப்பு இருக்கிறது, சரி ஆகட்டுமுங்க சாமி என்று சொல்லிவிட்டேன், அவரும் செபம் சொல்லித் தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனார். அப்போது குட்டையில் இருந்தது கெண்டைப்பொடி மட்டும். மூன்று நாள் கழித்து விரால் வந்து இறங்கியது, உங்கள் தங்கை இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்து நின்றாள். "ஏனுங்க, மந்திரிச்ச மீன எரையாப் போடறதுங்களா? அது சாமி மீனுங்க. வலையில கை வெச்சீங்கன்னா நான் எங்கண்ணன் ஊட்டுக்குப் போயிருவேன்." பங்கின் செபக்குழுவான அன்பியத்துப் பெண்கள் எட்டுப் பேரும் அவள் கட்சி. நான் சாமியாரிடமே ஓடி, மந்திரிச்சதைத் திருப்பி எடுக்க முடியுமுங்களா என்று கேட்டேன். அப்படி ஒரு செபமே கிடையாது என்றார். மீனை மீன் தின்னலாம், பாவமில்லை என்று அவர் சொல்லி அனுப்பியதையும் இவள் ஏற்கவில்லை, அவரு சின்ன வயசு, அவருக்கு என்ன தெரியும் என்கிறாள். மந்திரிக்காத கெண்டைப்பொடி வேறே வாங்கி விட என் கையில் காசும் இல்லை.

அதிலிருந்து வலைக்கு அந்தப் பக்கம் கெண்டைப்பொடி, இவள் போடும் தவிட்டைத் தின்று பெருகிக்கொண்டே போகுது. இந்தப் பக்கம் விராலுங்க பசியில ஒண்ணையொண்ணு தின்னுக்கிட்டு இருக்குது மச்சான். ஐந்நூறு விட்டதில் அம்பதாவது மிஞ்சியிருக்குமா என்பது சந்தேகம், அதுவும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டே திரிகிறது. காலையில் எழுந்தால் குட்டைப் பக்கம் போகவே மனசு வருவதில்லை. எனக்கு அழுகையாக வருகிறது மச்சான். வண்டியும் போச்சு, தோட்டமும் போனால் மூன்றாம் மாடியில் உட்கார்ந்து நான் யாருக்கு என்ன செய்யப் போகிறேன்? ஆனாலும் சொன்ன சொல் சொன்னதுதான். வாங்குகிறவரை வியாழக்கிழமை கூட்டி வாருங்கள், கையெழுத்துப் போட்டுவிடுகிறேன்.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு எங்கள் ஆசீர்வாதம். தேவமாதா உங்கள் குடும்பத்தைக் காக்கட்டும், நேரமிருந்தால் எங்களையும்.

இப்படிக்கு,
தோற்றுப்போன வின்சென்ட்

பின்குறிப்பு: ஒட்டுவதற்கு முன் கடிதத்தை உங்கள் தங்கைக்குப் படித்துக் காட்டினேன். கையெழுத்துப் போடுகிறேன் என்பது வரைக்கும் கேட்டாள். அடுப்படிக் கத்தியை எடுத்துக்கொண்டு போய், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குட்டையில் இறங்கி, குறுக்கு வலையை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும் அறுத்துவிட்டாள். "மூணாம் மாடி ஏறி எறங்குனா உங்க நெஞ்சு ஒரு வருசங்கூடத் தாங்காதுங்க. கெண்டைக்கு நான் சாமிகிட்டச் சொல்லிக்கிறேன்" என்றாள். இப்போது குட்டைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கரையில் உட்கார்ந்து செபமாலை சொல்கிறாள், கண்ணைத் துடைக்கத் துடைக்க மணிகளின் எண்ணிக்கை தப்பி மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். வாங்குகிறவரைக் கூட்டி வர வேண்டாம். இன்று மத்தியானம் வீட்டில் உலை வைக்கவில்லை, குட்டையில் மட்டும் பந்தி நடக்கிறது.