பீப்பாய்க்கு வந்த வாரிசு

என் தாத்தாவின் பீப்பாயில் ரம்பம் படுவதென்றால் அது என் கழுத்தை அறுத்த பிறகுதான் என்று நான் சபதம் செய்தபோது எனக்கு முப்பத்தொரு வயது. கழுத்தும் நல்ல கனம். என் மனைவி ராய்னா அதைக் கண்ணாலேயே ஒரு முறை அளந்தாள். பிறகு ரம்பத்துக்கு எண்ணெய் போட்டாள்.

பீப்பாயைப் பற்றி இரண்டு வார்த்தை. மல்பெரி மரம். எங்கள் ட்ரோயான் மலைப்பக்கத்தில் பிளம் பழச் சாராயம் காய்ச்சாத வீடு என்றால் அது ஆளில்லாத வீடு. ஆனால் தாத்தாவின் பீப்பாயில் ஊறியது போல எங்கும் ஊறியதில்லை. அடைப்பானைத் திறந்தால் மேலே போகிற காகம் நேராகப் பறக்காது. என் மகன் வெலினுக்கு ஞானஸ்நானம் செய்ய வந்த பாதிரியார், அதன் பக்கத்தில் நின்று மூச்சு விட்டதற்கே, ஒரே பிள்ளைக்கு இரண்டு தடவை அதைச் செய்துவிட்டுப் போனார். நான் பொய் சொல்கிறவனில்லை. கொஞ்சம் கூட்டிச் சொல்வேன்.

வெலின் பிறந்ததிலிருந்து ராய்னாவின் கண்ணுக்கு என் பரம்பரைச் சொத்தெல்லாம் பிள்ளைச் சாமானாகவே தெரிந்தது. மாவு பிசைகிற மரத்தொட்டி தொட்டிலானது. அப்பாவின் ஆட்டுத்தோல் தொப்பியில் பிள்ளையை உட்கார வைத்தாள்; அதற்குப் பிறகு அதை யாரும் தலையில் வைக்க முடியவில்லை. சுவர்க்கடிகாரத்தின் இரும்புக் குண்டுகளைப் பிடித்து இழுத்துவிடுவான் என்று கழற்றி ஒளித்தாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எப்போதும் நாலேகால். முழுசாக மிச்சமிருந்தது பீப்பாயும் நானும்தான்.

"இதை நடுவுல அறுத்தா குளிக்கிற தொட்டி," என்றாள்.

"செப்பு அண்டா இருக்கே."

"அதுல உக்கார வெச்சா எந்திரிச்சு வெளிய விழறான். பதினோரு மாசம் ஆச்சு. உன்னை மாதிரி வெச்ச இடத்துல கெடக்கிற பிள்ளையா அவன்?"

"அது தாத்தா பீப்பாய், ராய்னா."

"தாத்தாவும் குளிச்சதில்ல, நீயும் குளிக்கிறதில்ல. பிள்ளையாவது குளிக்கட்டும்."

அந்த வாரம்தான் வெலின் நாற்காலியை விட்டுவிட்டு மூன்று அடி நடந்தான். முதல் நடை நடந்த பிள்ளைக்கு ரொட்டி உருட்டுவது எங்கள் வழக்கம். வட்ட ரொட்டியைத் தரையில் உருட்டிவிட்டால் பிள்ளை பின்னாலேயே போகும். அங்கே தாழ்ந்த மேசையில் கத்தரி, பேனா, சீப்பு, கரண்டி எல்லாம் பரப்பியிருக்கும். எதை முதலில் எடுக்கிறதோ அதுதான் அதன் வாழ்க்கை. கத்தரி என்றால் தையல்காரன், பேனா என்றால் வாத்தியார். எனக்குப் பொறி தட்டியது.

"பீப்பாய்ல சாராயம் இறக்கறப்ப சொருகற மரக்குழாயையும் மேசையில வெப்போம்," என்றேன். "அவன் அதை எடுத்தா பீப்பாய் அவனோடது. வாரிசு சொத்துல ரம்பம் வெக்க உனக்கு உரிமை கிடையாது. வேற எதை எடுத்தாலும் நானே அறுத்துத் தரேன்."

ராய்னா கொஞ்சம் யோசித்தாள்.

"குழாயை எடுத்தா பீப்பாய் அவனோடதா?"

"அவனோடதுதான்."

"பேச்சு மாற மாட்டியே?"

"வழக்கத்தை மாத்த நான் யாரு?"

"கோலியோ அண்ணன் முன்னாடி சொல்லு."

பக்கத்து வீட்டு கோலியோ அந்தப் பீப்பாயை என்னைவிட அதிகம் நேசித்தவர். வேலிக்கு அந்தப் பக்கம்தான் நின்றிருந்தார். அவர் முன்னால் இரண்டு தடவை சொன்னேன். மூன்றாவது தடவை யாரும் கேட்காமலே சொன்னேன்.

ரொட்டி உருட்ட ஒரு வாரம் இருந்தது. தினமும் ராய்னா ஆடு கறக்கப் போகும் நேரம் பார்த்து, மரக்குழாயைப் பிளம் ஜாமில் முக்கிப் பையன் கையில் கொடுத்தேன். முதல் நாள் நக்கினான். மூன்றாம் நாள் குழாயைக் கண்டதுமே எழுந்து நின்றான். ஐந்தாம் நாள் அதை என் சட்டைக்குள் ஒளித்திருந்தும் மோப்பம் பிடித்து வந்தான். நான் முக்கியதைவிட ஜாம் வேகமாகக் குறைந்தது. பையனுக்கு நாக்கு நீளம் போல என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ராய்னா ரொட்டியை உருட்டினாள். அது கோலியோ அண்ணனின் காலில் மோதி அடுப்புப் பக்கம் போனது. வெலின் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக மேசைக்குப் போனான். கத்தரியைத் தள்ளினான். பேனா உருண்டு விழுந்தது. குழாயை இரண்டு கையாலும் பிடித்து வாயில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான்.

கோலியோ அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பீப்பாய் யாரோடது, ராய்னா?" என்றேன்.

"வெலினோடது. கோலியோ அண்ணே, நீங்க சாட்சி."

"சாட்சி," என்றார் அவர் பெருமையாக.

ராய்னா கதவுக்குப் பின்னாலிருந்து ரம்பத்தை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

"என்னது இது?"

"இத்தனை நாள் உன்னோடது, உன்கிட்ட கெஞ்ச வேண்டியிருந்தது. இப்ப பிள்ளையோடது. அவன் பீப்பாய்ல அவன் குளிக்கிறான். தடுக்க உனக்கு ஏது உரிமை?"

கோலியோ அண்ணனைப் பார்த்தேன். அவர் ரொட்டியைப் பார்த்தார்.

"அவன் சீப்பை எடுத்திருந்தாலும் நான் அறுத்துத் தர்றதாத்தானே சொன்னேன்? அப்ப அவன் குழாயை எடுத்ததுல உனக்கு என்ன லாபம்?"

"மூணு வருஷமா கூரை ஓடு மாத்தறேன்னும்தான் சொல்ற. உன் வாக்கை நம்பியா நான் உக்காந்திருப்பேன், மனுஷா? அதான் நீ தினம் ஒரு தடவை ஜாம்ல முக்கினா, நான் ரெண்டு தடவை முக்கினேன்."

சாராயத்தை ஜாடிகளில் இறக்கிவிட்டு, அன்று மாலையே அறுத்தேன். இரண்டு பாதியும் தரையில் கிடந்தன. முதல் பாதிக்குள் வெலின் குழாயோடு உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தான்.

"மத்த பாதியையாவது எனக்கு விடேன்," என்றேன்.

ராய்னா மெதுவாகத் தன் வயிற்றைத் தடவிக்கொண்டாள்.

"அதுக்கும் ஆள் வருது."