வளைகாப்புக்கு உறுமி வேண்டாம், மாமா

ஈப்போ,
செவ்வாய்க்கிழமை

பாசமிகு தாய்மாமா பிச்சைமுத்து அவர்களுக்கு,

தங்கள் தங்கை மகள் ஷர்மினி வணக்கத்துடன் எழுதுவது. தெலுக் இந்தானில் தாங்களும் அத்தையும் தங்கள் உறுமி மேளக் குழுவினர் பத்துப் பேரும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். மூன்று முறை போன் செய்தேன். மூன்று முறையும் பின்னால் ஒத்திகை. நான் சொன்னது ஒன்றும் தங்கள் காதில் விழவில்லை. அதனால் இந்தக் கடிதத்தை என் வீட்டுக்காரர் தீபனிடமே கொடுத்தனுப்புகிறேன்.

விஷயம் இதுதான். ஞாயிற்றுக்கிழமை என் வளைகாப்புக்கு உறுமி வேண்டாம், ஸ்பீக்கர் வேண்டாம், பட்டாசும் வேண்டாம். கோபப்படாமல் மேலே படியுங்கள். கிளினிக்கில் நர்ஸ் மிஸ்ஸி எனக்கு இரண்டு தரம் பிரஷர் பார்த்துவிட்டு, "வீடு எங்கம்மா இருக்கு?" என்று கேட்டார். எங்கே இருக்கு, கல் குவாரி லோரி போற ரோட்டுலதான் இருக்கு. விடிஞ்சா ஹார்ன், பிரேக், காலி லோரி குலுங்குற சத்தம், துணி காயப்போட்டா மாவுல பெரட்டி எடுத்த மாதிரி ஆகுது, ஜன்னலைச் சாத்தினா வேகுது, திறந்தா தும்மல், போதாததுக்குப் பக்கத்து வீட்டுக்காரரு குப்பையை எரிக்கிறாரு, இதுல தீபன் வேற மோட்டார் சைக்கிளுக்குச் சத்தம் நல்லா வரணும்னு புது எக்ஸாஸ்ட் மாட்டிக்கிட்டு வந்து நின்னாரு பாருங்க, அன்னைக்கே கழட்ட வச்சேன். "தூக்கம் கெட்டா பிரஷர் ஏறும்மா. இந்தத் தூசியையும் புகையையும் இழுத்துக்கிட்டே இருந்தா புள்ள எடை கொறைஞ்சு, முன்கூட்டியே பொறந்துடலாம்"னு மிஸ்ஸி சொன்னாங்க. முதல்ல ஒண்ணு தங்காம போனது உங்களுக்கே தெரியும். எனக்குப் பயமா இருக்கு மாமா.

பயந்தா ஆச்சா? நேரா குவாரி ஆபீசுக்குப் போனேன். மேனேஜர் கனகராஜ் ஏர்கோன் ரூம்ல உட்கார்ந்துக்கிட்டு, "கொஞ்சம் சத்தம், கொஞ்சம் தூசி. பழகிடும்லா தங்கச்சி"ன்றாரு. வீட்டுக்கு வந்தேன், பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்தேன், நடு ரோட்டுல போட்டு வயித்தோட உட்கார்ந்துட்டேன். ஏழு லோரி நின்னுச்சு. ஹார்ன் அடிச்சுப் பார்த்தாங்க. அப்புறம் வயித்தைப் பார்த்து எஞ்சினை அணைச்சாங்க. ஒரு டிரைவர் இறங்கி வந்து, "அக்கா, வலி வந்துருச்சா?"ன்னு தண்ணியை நீட்டுறாரு. "வலி இன்னும் வரல, உங்க லோரிதான் வந்துச்சு"ன்னேன். அரைமணி நேரம் எங்க ரோட்டுல மைனா சத்தம் கேட்டுச்சு மாமா. கனகராஜே ஓடி வந்து, "சனிக்கிழமை காலையில பேசலாம், எழுந்திரும்மா"ன்னாரு.

இப்படிச் சத்தத்தோட மல்லுக்கு நின்னுட்டு, நானே வீட்டுக்குள்ள பத்து உறுமியை விட்டா ஊரு சிரிக்காதா? சொந்தக்காரங்க கேட்டா என்னைக் கைகாட்டுங்க. கண்ணாடி வளையல் மட்டும் கொண்டு வாங்க. என் புள்ள அந்தச் சத்தத்தைக் கேட்டா போதும்.

அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். வயிற்றில் இருப்பவரும் ஓர் உதை மூலம் தம் மரியாதையைத் தெரிவிக்கிறார்.

இப்படிக்கு,
தங்கள் சொல் கேளாத
ஷர்மினி

பி.கு.: மேலே எழுதியதை மறந்துவிடுங்கள். கடிதத்தை மடிக்கும்போது கனகராஜ் ஆள் அனுப்பினார். சனிக்கிழமை பேச்சு இல்லையாம், லோரி மட்டும் உண்டாம். ஆகவே சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பத்து உறுமியும் பெரிய ஸ்பீக்கர் இரண்டும் சாம்பிராணிச் சட்டியும் கட்டாயம் வேணும். எங்க வீட்டுக்கு இல்ல, குவாரி ஆபீஸ் ஜன்னலுக்கு நேரா. நான் காம்பார்ல சின்னம்மா வீட்டுல தூங்கிக்கிட்டு இருப்பேன். கனகராஜ் வெளிய வந்தா, அடிக்கிறதை நிறுத்தாம சொல்லுங்க மாமா: கொஞ்சம் சத்தம், கொஞ்சம் புகை. பழகிடும்லா.