செத்த லேப்டாப்பை எழுப்புகிறவர்

குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டால் இரண்டு வகை ஆட்களிடம் நீங்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ஒருவர், ஐந்தருவிப் பக்கம் எண்ணெய்க் கிண்ணத்தோடு நிற்பவர். வேண்டாம் என்று நீங்கள் சொல்லி முடிப்பதற்குள் உங்கள் உச்சந்தலையிலிருந்து எண்ணெய் வழிந்துகொண்டிருக்கும். அவராவது அருவியோடு உங்களை விட்டுவிடுவார். மற்றவர் உங்கள் வீட்டுக்கே வருவார். வந்து, தண்ணீர் குடித்து, சாரல் எப்படி என்று விசாரித்து, பேச்சின் நடுவே கண்ணை மட்டும் பீரோவின் உச்சிக்கு அனுப்புவார். அங்கே உடைந்த டேபிள் ஃபேனுக்கும் யாரோ வளைகுடாவிலிருந்து கொண்டுவந்த கம்பளிப் போர்வைக்கும் நடுவில் ஒரு பழைய லேப்டாப் கிடக்கும். எல்லார் வீட்டிலும் கிடக்கும். அதைக் கண்டதும் அவர் முகத்தில் ஒரு கருணை பரவும் பாருங்கள், ஆஸ்பத்திரியில்கூட அப்படி ஒரு முகத்தை நான் கண்டதில்லை.

இவர்தான் செத்த லேப்டாப்பை எழுப்புகிறவர்.

இவரை அடையாளம் காண்பது எளிது. மற்றவர்கள் தாயத்துக் கட்டிக்கொள்ளும் இடத்தில் இவர் ஒரு பென்டிரைவைக் கட்டித் தொங்கவிட்டிருப்பார். மடியில் வாங்கிய லேப்டாப்பைத் திறப்பதற்கு முன் காதருகே வைத்துக் கேட்பார். அடியில் உள்ள துவாரத்தில் வாயை வைத்து ஊதுவார். அதில் பறக்கும் தூசியில் வீட்டுக்காரி மறுபடி ஒருமுறை கூட்டிப் பெருக்க வேண்டியிருக்கும். பிறகு தீர்ப்பு வரும். "மிஷின்ல ஒரு குத்தமும் இல்ல. சிஸ்டம்தான் பாரம். லேசா லினக்ஸ்னு ஒரு சிஸ்டம் இருக்கு, அதப் போட்டா ஓடும்."

எல்லா லேப்டாப்புக்கும் இதே தீர்ப்புதான். லாரி ஏறிய லேப்டாப்பாக இருந்தாலும் பாரம்தான் காரணம்.

காசு வாங்க மாட்டார். அதுதான் ஆபத்து. காசுக்குப் பதில், அது உயிர்பெற்று எழும்போது நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். கண் சிமிட்டக் கூடாது. எங்கள் தெருவில் இந்த இனத்தின் முழு வளர்ச்சி பெற்ற உறுப்பினர் துல்கர்னைன். பல வருஷம் அபுதாபியில் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டு ஊரோடு வந்தவர். எதிர் வீட்டுப் பலவேசம் அண்ணாச்சியின் லேப்டாப்பை அவர் எழுப்பிக் காட்டிய அன்று நானும் அங்கே இருந்தேன்.

"பட்டனை அமுக்குதேன் அண்ணாச்சி. பாத்துக்கிட்டே இருங்க. வந்திட்டா?"

"வந்திட்டு பாய். நல்ல வேகம். இப்ப இது என்ன செய்யும்?"

"திறக்கும்."

"சரி, திறந்து?"

துல்கர்னைன் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "மூடிட்டு மறுபடியும் திறக்கேன், பாருங்க. முன்ன விட வேகமா வரும்."

உண்மையிலேயே அப்படித்தான் வந்தது. அண்ணாச்சி மாலை வரை உட்கார்ந்து அது திறப்பதைப் பார்த்துவிட்டு, டீ குடித்த பாவத்துக்குப் பாராட்டிவிட்டு, வீட்டுக்குப் போய்ப் போனில் படம் பார்த்தார்.

இதோடு நின்றால் இவரைக் கோயில் கொடை, கந்தூரி மாதிரி ஊர் வேடிக்கைகளில் ஒன்றாக விட்டுவிடலாம். ஆனால் இந்த இனத்துக்கு இன்னொரு குணம் உண்டு. எழுப்பியதைத் திருப்பிக் கொடுக்க மனம் வராது. ஏன் தெரியுமா? இதைவிட லேசான ஒன்று எங்கேயோ வெளிவந்திருக்கும்.

நஸீபாவின் கதைக்கு வருகிறேன். எம்.ஏ. தமிழ் முடித்த பெண். சுரண்டையிலிருந்து வீரகேரளம்புதூர் வரைக்கும் பள்ளிக்கூடம் விடாமல் விண்ணப்பம் போட்டாள். ஒன்றிலிருந்தும் பதில் இல்லை. கடைசியில் ஒரே ஓர் இடத்திலிருந்து கூப்பிட்டார்கள்: வெளிநாட்டில் வளரும் பிள்ளைகளுக்கு இணையத்தில் தமிழ் சொல்லிக்கொடுக்கும் நிறுவனம். வெள்ளிக்கிழமை காலை நேர்காணல். போனில் வந்தால் எடுக்க மாட்டோம், லேப்டாப்பில் வந்து மாதிரிப் பாடம் நடத்திக் காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். வீட்டில் இருந்த ஒரே லேப்டாப், அவள் ப்ளஸ் டூ படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் கொடுத்தது. அது எழுந்திருப்பதற்குள் சோறு வெந்துவிடும். எடுத்துக்கொண்டு துல்கர்னைனிடம் போனாள். வேறு எங்கே போவாள்?

திங்கட்கிழமை சாயங்காலமே வேலை முடிந்துவிட்டது. சிட்டாக ஓடியது.

"மாமா, இதுவே போதும். கொண்டு போவட்டா?"

"இரும்மா. இத விட லேசா ஒண்ணு இருக்கு. உனக்குன்னு ஏத்தித் தாரேன்."

செவ்வாயன்று அந்த லேசானதில் ஆங்கிலம் எல்லாம் தெரிந்தது. தமிழ் மட்டும் கட்டம் கட்டமாக வந்தது, ஜன்னல் கம்பியை வரிசையாக அடுக்கியது போல. தமிழ் ஆசிரியை வேலைக்குப் போகிறவளுக்கு இது கொஞ்சம் இடைஞ்சல் அல்லவா? சரி என்று எழுத்தைச் சேர்த்தார். சத்தம் போய்விட்டது. புதனன்று சத்தம் வந்தது. திரையிலிருந்த படங்கள் எல்லாம் போய், கறுப்பு மைதானத்தில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும் மின்னி மின்னி மறைந்தது.

"மவுஸ் நகரலையே மாமா?"

"மவுஸ் எதுக்கும்மா? அதுவே ஒரு பாரம்."

உள்ளேயிருந்து அவர் மனைவி நூர்நிஷாவின் குரல் வந்தது. "இன்னும் ரெண்டு நா விட்டா லேப்டாப்பே பாரம்னு சொல்லுவாக. வெறும் டப்பாவ வாங்கிட்டுப் போ, மொளகா காயப்போட்டுக்கலாம்."

வெள்ளிக்கிழமை விடிந்தது. நஸீபா தலைவாரிப் பூவைத்து, நல்ல துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு, முகத்தில் அழுகையைத் தயாராக வைத்துக்கொண்டு அவர் வீட்டு வாசலில் வந்து நின்றாள். வேடிக்கை பார்க்க நானும் தெருக்காரர்கள் சிலரும் பின்னாலேயே போனோம். நூர்நிஷா கணவரின் கழுத்திலிருந்த பென்டிரைவை எடுத்துத் தன் முந்தானையில் முடிந்துகொண்டாள். "இந்தாருங்க, திங்கக்கிழம போட்டது எதுவோ அதையே போடுங்க. அதுக்கு மட்டும் இதத் தாரேன்."

போட்டார். தமிழ் தெரிந்தது. சத்தம் கேட்டது. மவுஸ் ஓடியது. நஸீபா கேமராவைத் திறந்தாள்.

திரையில் அவள் தலைகீழாகத் தொங்கினாள்.

அந்த ரக லேப்டாப்பில் கேமராவையே தலைகீழாகத்தான் பொருத்தியிருந்தார்களாம். பழைய சிஸ்டம் யாரிடமும் சொல்லாமல் அதை நிமிர்த்திக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறது. பாரம் என்று இவர் தூக்கி எறிந்த மூட்டையில் அதுவும் போய்விட்டது. நான்கு நாளில் லேப்டாப்பை எத்தனையோ முறை திறந்து பார்த்தவர், கேமராவை ஒரு முறையாவது திறந்தாரா? திறப்பதுதானே முக்கியம், திறந்த பிறகு நடப்பதில் இந்த இனத்துக்கு என்றைக்கும் நாட்டம் கிடையாது.

"கொஞ்சம் பொறும்மா. வேற ஒண்ணு ஏத்திப் பாக்குதேன்."

"கூப்பிடப் போறாங்க மாமா. எனக்கு இத விட்டா வேற எடமே இல்ல." அழுகை வெளியே வந்துவிட்டது.

நூர்நிஷா கிட்டே வந்து குனிந்தாள். திரையைப் பார்த்தாள். பிறகு அண்ணாந்து கூரையைப் பார்த்தாள். அங்கே அவள் பிள்ளைகள் எல்லாம் தூங்கி வளர்ந்த தொட்டில் கொக்கி இருந்தது.

அடுத்து நான் சொல்வதை நீங்கள் நம்ப வேண்டும் என்று கட்டாயமில்லை. இரண்டு பழைய சேலையைக் கொக்கியில் மாட்டி, லேப்டாப்பைக் குப்புறக் கவிழ்த்து, விசைப்பலகையின் இரு ஓரத்தையும் சேலையில் தாங்கலாக ஏற்றிக் கட்டிவிட்டாள். திரை கீழே தொங்கியது, பழந்தோட்டத்து வௌவால் மாதிரி. கேமராவும் கவிழ்ந்ததால் நஸீபா நிமிர்ந்துவிட்டாள். திரையில் தெரிவதை மட்டும் நேராக்க வேண்டும்; அதைத் துல்கர்னைன் இரண்டு தட்டுத் தட்டித் திருப்பிவிட்டார். படத்தைத் திருப்பத் தெரிந்த மனுஷருக்குக் கேமராவைத் திருப்பத் தெரியவில்லை.

அழைப்பு வந்தது. மறுபக்கம் இரண்டு பேர். பேச்சிராஜ் என்று ஓர் ஆண், வித்யாலட்சுமி என்று ஒரு பெண். வணக்கம் சொன்னார்கள். நஸீபாவும் சொன்னாள். எல்லாம் ஒழுங்காகத்தான் போயிருக்கும். ஆனால் தொட்டில் தொங்குகிறது, பக்கத்தில் நாலு பிள்ளை பெற்றவள் நிற்கிறாள். கை சும்மா இருக்குமா? நூர்நிஷா தன்னை அறியாமல் ஓர் ஆட்டு ஆட்டிவிட்டாள்.

மறுபக்கத்தில் இருந்த இருவரும் மேசையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"என்னம்மா, வீடு ஆடுது?" என்றார் பேச்சிராஜ்.

"சீசன் காத்து சார்," என்றாள் நஸீபா. பிறகு, பொய்யில் பாடத்தைத் தொடங்க மனம் வரவில்லையோ என்னவோ, "இல்ல சார், லேப்டாப்ப தொட்டில்ல கட்டியிருக்கோம். கேமரா தலைகீழாத் தெரியுது. பழைய மிஷினுக்கு லேசான சிஸ்டம் போட்டாங்க, அதனால," என்றாள்.

நூர்நிஷா உதட்டைக் கடித்தாள். போயிற்று என்றே நாங்கள் எல்லாரும் நினைத்தோம்.

பேச்சிராஜ் முன்னால் சாய்ந்தார். முகத்தில் அந்தக் கருணை. பீரோ உச்சியைப் பார்க்கும் அதே கருணை.

"எந்த சிஸ்டம் போட்டிருக்கீங்க?"

துல்கர்னைன் எங்கிருந்து பாய்ந்தார் என்று தெரியவில்லை. நஸீபாவின் தோளுக்கு மேல் அவர் தலை முளைத்தது. அதன் பிறகு நடந்தது நேர்காணல் அல்ல, பிரிந்த சகோதரர்களின் சந்திப்பு. ராம் எத்தனை ஜி.பி., எவ்வளவு சீக்கிரம் திறக்குது, அது பாரம், நீங்க இத விட லேசா ஒண்ணு பாக்கலையா என்று போய்க்கொண்டே இருந்தது. அவளுடைய நேரம் கரைந்துகொண்டிருந்தது. நஸீபா பொறுத்துப் பார்த்தாள். பிறகு கையைத் தட்டினாள், ஒரே ஒரு தடவை, வகுப்பில் தட்டுவது போல.

"மாமா, கீழ உக்காருங்க. சார், நீங்களும் பேசாம இருங்க. ரெண்டு பேரும் வாயில வெரல வையுங்க. இப்ப பாடம்."

நம்பினால் நம்புங்கள், இரண்டு பேரும் விரலை வைத்தார்கள். அவள் அருவியைப் பற்றி ஒரு பாடம் நடத்தினாள். திரையில் எழுத வேண்டியபோதெல்லாம் கொடியில் துணி காயப்போடுகிறவள் போல இரு கையையும் மேலே தூக்கி, இடம் வலம் மாறிக் கிடந்த எழுத்துகளைத் தேடித் தேடித் தட்டினாள். தட்டும்போதெல்லாம் தொட்டில் ஆடியது. அவள் நிறுத்தவில்லை.

முடிந்ததும் அதுவரை வாய் திறவாத வித்யாலட்சுமி சொன்னாள்: "எங்க வகுப்புல எட்டுப் பேர்தான் இருப்பாங்க. எல்லாரும் இந்த ரெண்டு பேர விட நல்ல பிள்ளைங்க. திங்கட்கிழமை வந்திருங்க."

நஸீபா இன்றைக்கும் அந்த லேப்டாப்பில்தான் பாடம் நடத்துகிறாள், தன் வீட்டுத் தொட்டில் கொக்கியில் கட்டி. கேமராவை நிமிர்த்தித் தருகிறேன் என்று துல்கர்னைன் தினமும் வாசலில் வந்து நிற்கிறார். அவள் கதவுச் சங்கிலியைக் கழற்றுவதில்லை.

இப்போது உங்களைக் கேட்கிறேன். கேமரா தலைகீழாகத் தெரிந்தது என்று படித்தபோது, அந்தப் பெண்ணுக்கு வேலை கிடைக்குமா என்று கவலைப்பட்டீர்களா? அல்லது, 'அதற்கு ஒரு வரிக் கட்டளை போதுமே' என்று முணுமுணுத்தீர்களா?

முணுமுணுத்தவர்கள் எங்கள் தெருப் பக்கம் வரும்போது சொல்லிவிட்டு வாருங்கள். பீரோ உச்சியில் இருப்பதை நாங்கள் இறக்கி ஒளித்துவைக்க வேண்டும்.